மகாஜன ஐக்கிய சங்கத்தின் கொயினாப் பெட்டி

அந்த வருஷம் மன்னார்க் கரைக்கு இரண்டு காய்ச்சல் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று நுளம்பு கடித்துக் கொண்டுவந்த குளிர்காய்ச்சல். மற்றது கொழும்பிலிருந்து வந்த தேர்தல் காய்ச்சல். வெள்ளைக்காரத் துரைமார் ஏழை எளியதுக்கெல்லாம் வாக்குரிமை கொடுத்து, அரசாங்க சபைக்கு ஆள் அனுப்பச் சொன்ன பிறகு வந்த இரண்டாவது தேர்தல் அது. குளிர்காய்ச்சல் குடிசை பார்த்துப் பிடித்தது. மற்றது கல்வீடு பார்த்துப் பிடித்தது. கல்வீட்டுக்காரருக்குத்தான் நடுக்கம் கூட.

கோட்டில் வழக்குப் பேசும் வெளியூர் அப்புக்காத்து ஒருவர் மன்னார் ஆசனத்தைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று கதை அடிபட்டது. விடலாமா? உடனே மகாஜன ஐக்கிய சங்கம் பிறந்தது. சங்கத்தின் கொள்கை ஒன்றே ஒன்று. சிலுவை கும்பிடும் வேதக்காரரும் முஸ்லிம்களும் ஒற்றுமையாக நின்று ஒரே ஆளைத் தேர்தலில் நிறுத்துவது. இந்த ஒற்றுமையான கொள்கைக்கு ஒற்றுமையாக இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர் சட்டம் படித்த புறொக்ரர் சேவியர் குரூஸ். மற்றவர் சங்குக் குத்தகைக்கார முதலாளி அப்துல் றசாக் மரைக்கார். இரண்டு பேரில் யார் என்று சங்கத்துக்குள்ளேயே முதலில் ஒரு வாக்கெடுப்பு வைப்பது, தோற்றவர் வீட்டில் இருப்பது, வென்றவர் அரசாங்கத் தேர்தலுக்கு மனுக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். ஒருவர் வேதப் புத்தகத்திலும் மற்றவர் குர்ஆனிலும் சத்தியம் பண்ணினார்கள். தலைவராக, இரண்டு பக்கமும் சேராத ஓய்வுபெற்ற முதலியார் இரத்தினம் இருந்தார். முப்பது வருஷம் அரசாங்கக் கந்தோரில் காகிதக் கோவை கட்டிய மனிதர். எதையும் முடிக்காமல் கட்டிவைக்கிற வித்தை அவருக்குக் கைவந்த கலை.

இதற்கிடையில், காய்ச்சல்காரச் சனத்துக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கொழும்பு வியாபாரி சங்கத்துக்கு ஒரு பெட்டி நிறையக் குளிர்காய்ச்சல் மருந்தான கொயினாக் குளிசை அனுப்பிவைத்தார். நல்ல மனிதர், மன்னாரைத் தெரியாது. குளிசையைக் குரூஸ் கொடுத்தால் குரூசுக்கு வாக்கு. மரைக்கார் கொடுத்தால் மரைக்காருக்கு வாக்கு. ஆகவே நியாயம் கெடக்கூடாது என்று, உள்வாக்கெடுப்பு முடியும்வரை பெட்டியைத் திறப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. குரூஸ் ஒரு பூட்டுப் போட்டார். மரைக்கார் ஒரு பூட்டுப் போட்டார். முதலியார் இரண்டுக்கும் மேல் அரக்கு வைத்தார். பெட்டி சங்க மண்டபத்து வெளி விறாந்தையில் இருந்தது.

வங்காலை ஓடாவி யாகப்பர் அந்த மண்டபத்துக்கு வந்தது ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில். வள்ளம் கட்டுவது, கதவு நிலை செய்வது, கட்டில் செய்வது என்று வாழ்ந்த மனிதருக்கு அந்த மாதம் முழுக்கச் சவப்பெட்டி வேலைதான். ஒன்று முடிக்குமுன் மற்றதுக்கு ஆள் வந்து நிற்கும். அதோடு அவருடைய ஆறு வயது மகள் அன்ரோனெற்றுக்கும் காய்ச்சல் தொடங்கியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து பிள்ளையை உலுப்பி எடுத்தது. எப்போதாவது வரும் மருந்து வண்டி வந்து போய்விட்டது, இனி எப்போது வருமோ. சங்கத்தில் கொயினா இருக்குதாம் என்று பெண்சாதி பிரான்சிஸ்கா கேள்விப்பட்டு அவரைத் துரத்திவிட்டிருந்தாள்.

மூன்று கதிரையில் மூன்று பெரியவர்கள். யாகப்பர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஐயா, பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல். நாலு குளிசை தந்தியளெண்டா..." என்று இழுத்தார்.

"நீர் என்ன வேலை?" என்று கேட்டார் முதலியார்.

"ஓடாவி ஐயா."

அவ்வளவுதான். மூன்று பேரும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள். மரைக்கார் கையைப் பிடித்து, "அல்லாஹ்வே அனுப்பின ஆள்! இரிங்கோ, இரிங்கோ" என்று வாங்குப் பலகையில் இருத்தினார். யாகப்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் முதலியார் விளக்கினார். அரசாங்கத் தேர்தலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நிறத்தில் பெட்டி வைப்பார்களாம். சனம் தனக்குப் பிடித்த ஆளின் நிறப் பெட்டிக்குள் வாக்குத் துண்டைப் போடுமாம். சங்கமும் அதேபோல முறையாகச் செய்யப்போகிறது. பெட்டி செய்யத்தான் ஆள் இல்லை. ஓடாவிமார் எல்லாரும் சவப்பெட்டி வேலையாகத் திரிகிறார்கள்.

"சனநாயகக் கடமையை விட்டிட்டுச் சவப்பெட்டி செய்யிறாங்கள். இதைக் கண்டிச்சுப் போன கூட்டத்தில ஒரு தீர்மானம் போட்டனாங்கள்" என்றார் குரூஸ், கவலையோடு.

"குளிசை, ஐயா..."

"அதைத்தானே சொல்ல வாறன்!" முதலியார் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "நீர் பெட்டி செய்தா வாக்கெடுப்பு நடக்கும். வாக்கெடுப்பு நடந்தாப் பூட்டுத் திறபடும். பூட்டுத் திறந்தா உம்மட பிள்ளைக்குத்தான் முதல் குளிசை. அப்ப பிள்ளையின்ர உயிர் ஆற்ற கையில? உம்மட கையில!"

யாகப்பருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. போகும்போது கொயினாப் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். தேக்கு. பின்பக்கம் மூடியைக் கோத்த பித்தளைப் பிணைச்சல், திருகாணி எல்லாம் வெளியே தெரியும்படி பளிச்சென்று முடுக்கியிருந்தது. கொழும்பு வேலை, நல்ல வேலை என்று மெச்சிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தவர் இராப்பகலாக வாக்குப்பெட்டி இழைத்தார். பக்கத்து வீட்டுச் செலீனா தலைவிரி கோலமாக வந்து, "அண்ணை, மனிசன் போயிட்டார், ஒரு பெட்டி அடிச்சுத் தாங்கோ" என்று அழுதாள். யாகப்பர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பலகை சங்கத்துக்குத் தங்கச்சி. இது முடிஞ்சாத்தான் எல்லாருக்கும் மருந்து" என்றார். செலீனாவின் புருஷனைப் பாயில் சுற்றித்தான் புதைத்தார்கள். யாகப்பர் அந்தச் செத்தவீட்டுக்கும் போகவில்லை. வேலை கிடந்தது.

பெட்டி இரண்டும் சுணங்காமல் முடிந்தன. தலையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார். அங்கே நாள் குறிக்கும் குழு கூடியிருந்தது. சுவரில் ஆளுக்கொன்றாக மூன்று கலண்டர்.

கார்த்திகையில் வைப்போம் என்றார் மரைக்கார். அது மரித்த ஆத்துமாக்களின் மாதம், எங்கட ஆக்கள் கல்லறைக்குப் போவார்களா, வாக்குப் போடப் போவார்களா என்றார் குரூஸ். சரி, அடுத்த மாதம்? அது நோன்பு. நோன்பு பிடித்த சனத்தை வெயிலில் வரிசையில் நிறுத்துவதா என்றார் மரைக்கார். பெருநாள் முடிந்த கையோடு? பெருநாள் எப்போது என்று முதலியார் கேட்டார். பிறை கண்டால் பெருநாள் என்றார் மரைக்கார்.

"பிறை எண்டைக்குக் காணுப்படும் எண்டு முன்கூட்டியே எழுத்தில தரவேணும். அப்பத்தான் கூட்டக் குறிப்பில ஏத்தலாம்" என்றார் முதலியார்.

"பிறையிட்ட நான் எப்பிடிக் கையெழுத்து வாங்க?" என்று மரைக்கார் கத்தினார்.

அதற்குள் கலண்டரில் யேசு பிறந்த நத்தார் வந்தது. நத்தார் போனால் மார்கழி மிச்சம் கிடந்தது. மார்கழியில் நல்ல காரியம் தொடங்குவதில்லை என்று முதலியார் ஒரே பிடியாக நின்றார். நாள் குறிக்கும் குழு எந்த நாளில் கூடுவது என்று பார்க்க இன்னொரு சிறுகுழு போட்டார்கள். தைப் பொங்கலன்று முதலியாருக்குப் பொங்கல். பொங்கலுக்கு மறுநாள் அரசாங்கத்துக்கு மனுக் கொடுக்கும் நாள், மத்தியானத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் நாளே இல்லை.

"அப்ப மனுக் கொடுத்த பிறகு உள்வாக்கெடுப்பை வைப்பம். அவசரப்பட்டு என்னத்தைக் கண்டம்?" என்றார் முதலியார்.

இதையும் சேர்த்து மூன்று பேரும் யோசித்தார்கள். யாகப்பர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்து என்ன? வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். அன்று பிள்ளைக்குக் குளிர் நாள். பிரான்சிஸ்கா வீட்டிலிருந்த சாக்கு, பாய், சீலை எல்லாவற்றையும் போட்டு மூடி, அதற்கு மேல் தானும் கிடந்தாள்.

"எங்க மருந்து?" என்று கேட்டாள்.

"நாள் குறிக்கினம்" என்றார் யாகப்பர்.

"ஆருக்கு?" என்றாள் அவள்.

அடுத்த தரம் போனபோது நிறத் தகராறு. குரூஸ் நீலம் கேட்டார், மடு மாதாவின் மேலாடை நிறம். மரைக்கார் பச்சை கேட்டார். மத நிறங்கள் ஐக்கியத்தைக் கெடுக்கும் என்று முதலியார் எதிர்த்தார். வெள்ளை அடிப்போம் என்றால், வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடித்ததாகிவிடுமாம். சிவப்பு என்றால் கொழும்புத் தொழிற்சங்கக்காரர் நிறமாம். நீலத்தை மரைக்காரும் பச்சையைக் குரூசும் எடுத்தால் ஐக்கியம் வளரும் என்று முதலியார் ஒரு யோசனை சொன்னார். இரண்டு பேரும் தங்கள் ஆட்கள் பெட்டி மாறிப் போட்டால் யாருக்கு லாபம் என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டுச் சேர்ந்து மறுத்தார்கள். சங்கத்தில் அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். கடைசியில் இரண்டு பெட்டிக்கும் பாதி நீலம் பாதி பச்சை அடிக்கச் சொல்லித் தீர்மானமாயிற்று.

யாகப்பர் அடித்தார். அடித்து முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, இப்ப எது ஆற்ற பெட்டி?" என்று கேட்டார்.

"அதைச் சனம் அறியத் தேவையில்லை. சங்கம் அறிஞ்சாப் போதும்" என்றார் முதலியார்.

மார்கழி முடியுமுன் கரையோரத்தில் ஊருக்கு ஊர் ஆள் குறைந்துபோயிற்று. கொண்டச்சிப் பக்கத்தில் கபுறுக்குழி வெட்டக்கூட ஆள் இல்லை என்றார்கள். இது சங்கத்தின் மனதை மிகவும் தாக்கியது. அவசரக் கூட்டம் கூடியது. மரைக்கார் எழும்பிக் கண் கலங்கச் சொன்னார்: "என்ர ஆதரவாளர்மார்தான் கூடுதலாக மவுத்தாகிப் போனாங்க. இந்த நிலைமையில வாக்கெடுப்பு வச்சா அது அநியாயம். மற்றப் பக்கமும் சமனாகிற வரைக்கும் பொறுக்கவேணும்."

குரூஸ் துள்ளி எழும்பினார். "எங்கட பக்கம் சாவு குறைவு எண்டு ஆர் சொன்னது? வங்காலைக்குப் போய்ப் பாருங்கோ! காய்ச்சல் விசயத்தில நாங்கள் ஆருக்கும் பின்னுக்கு நிக்கயில்லை!"

வாசலில் நின்ற யாகப்பர் அப்போதுதான் முதல் தடவையாகச் சத்தம் போட்டார். "ஐயாமாரே! என்ர பிள்ளை ஆற்ற பக்கமும் இல்லை. அதுக்கு வாக்கே இல்லை. நாலு குளிசை தாருங்கோ!"

வாக்கில்லாத பிள்ளை! இப்படி ஒரு வழி இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லையே. வாக்கில்லாத ஒருவருக்கு மருந்து கொடுத்தால் நியாயம் கெடாது. என் பூட்டின் திறப்பு தயார் என்று மரைக்கார் மடியைத் தட்டினார். என் திறப்பும் தயார் என்று குரூஸ் கோட்டுப் பையைத் தட்டினார். யாகப்பர் அழுதேவிட்டார். விழுந்து கும்பிடப் போனவரை முதலியார் தடுத்து நிறுத்தினார்.

"ஆனா ஒண்டு. ஒருவர் குடுத்து மற்றவர் பாத்துக்கொண்டு நிக்கேலாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில, ஒரே தட்டைப் பிடிச்சுக் குடுக்கவேணும். அதைப் படம் பிடிக்கவேணும். இல்லாட்டி நாளைக்கு ஒருவர் தான்தான் குடுத்தது எண்டு சொல்லுவார்."

படம் பிடிக்கிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும். அவருக்கு வேலை ஒழிந்த நாள் பொங்கல் நாள். முதலியார் மறுப்பார் என்று எல்லாரும் பார்த்தார்கள். "படம் பிடிக்கிறது மங்கலமான காரியம், செய்யலாம்" என்றார் அவர். மூன்று கலண்டரும் ஒத்துப்போன ஒரே நாள் அதுதான்.

பொங்கலன்று காலை பெருமழை. பிள்ளை படத்தில் இருந்தாக வேண்டும் என்பது சங்கத்தின் கட்டளை. பிரான்சிஸ்கா வாசலை மறித்து நின்றாள். "இந்த உடம்போட எங்க கொண்டுபோறியள்? மருந்தை இஞ்ச கொண்டந்தா என்ன, படத்தில விழாதோ?" என்று கத்தினாள். யாகப்பர் கேட்டால்தானே. பெரிய மனிதர்கள் திறப்பை எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், இனிப் பிந்தினால் மனம் மாறிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பிள்ளையைச் சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றினார். பிரான்சிஸ்காவும் தாவி ஏறிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மழை இருட்டு விலகும்வரை படம் பிடிக்க முடியாது என்றார் படக்காரர். அதுவரை சும்மா இருப்பானேன் என்று பேச்சைத் தொடங்கினார்கள். பிள்ளையை மேசையில் கிடத்தி, தலைமாட்டில் குரூசும் கால்மாட்டில் மரைக்காரும் நின்றார்கள். முதலில் குரூஸ் பேசினார். இந்தச் சின்னஞ்சிறு பிள்ளையின் உயிரைக் காக்கும் பாக்கியம் தனக்குக் கிடைத்ததைப் பற்றி, தனது பாட்டன் கட்டிய மடத்தைப் பற்றி, தனது சட்டப் படிப்பைப் பற்றி விரிவாகப் பேசினார். அன்ரோனெற்றுக்குப் பல் கிட்டி உடம்பு நடுங்கியது. படக்காரர் தலையைத் துணிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளையை அசையாம வச்சிருங்கோ, படம் கலங்கும்" என்றார்.

அடுத்ததாக மரைக்கார் தொடங்கினார். அவர் தனது சங்குக் குத்தகைக்கு வந்தபோது பிள்ளை அசைவதை நிறுத்திவிட்டாள். முதலில் கண்டவர் படக்காரர்தான். "இப்ப சரி! இப்பிடியே இருக்கட்டும்!" என்று கூவினார். வெளிச்சமும் வந்திருந்தது.

பிரான்சிஸ்கா போட்ட கூச்சல் மன்னார்க் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். மேசையில் ஏறிப் பிள்ளையை வாரி எடுத்தாள். சனம் கலைந்தது. மரைக்கார் மட்டும் சிறிது நேரம் நின்று, குரூஸ் முழுப் பேச்சும் பேசியிருக்கத் தனது பேச்சு பாதியில் நின்றதைக் கூட்டக் குறிப்பில் எழுதும்படி முதலியாரைக் கேட்டுக்கொண்டார். பெட்டி திறபடவில்லை. திறக்க வேண்டிய காரணம் தீர்ந்துபோயிற்று அல்லவா.

வங்காலையில் பலகை ஒரு துண்டு இல்லை. இருந்ததெல்லாம் வாக்குப்பெட்டியாகிவிட்டது. யாகப்பர் மண்டபத்துக்குத் திரும்பப் போய், யாரையும் கேட்காமல், நீலமும் பச்சையுமான இரண்டு பெட்டியையும் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டையும் முட்டவைத்து, இடையில் இருந்த பலகையைத் தட்டிவிட்டு ஆணி அடித்தார். ஆறு வயதுப் பிள்ளைக்கு அளவாக இருந்தது. மூடியில் வாக்குத் துண்டு போட வெட்டின துவாரங்களை அடைக்க அவருக்கு மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் மனு நாள். ஆனாலும் அடக்கத்துக்குக் குரூஸ் காரில் வந்தார். அவர் போனார் என்று கேள்விப்பட்டு மரைக்காரும் காரில் வந்தார். சுவாமியார் செபத்தை முடித்துவிட்டுப் போனார். இனி மூட வேண்டியதுதான். அப்போது மரைக்காரின் ஆள் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான்: பிள்ளையின் தலைப்பக்கம் நீலம், கால்பக்கம் பச்சை.

"எங்கட நிறம் காலடியிலயா?" என்று அவன் சத்தம் போட்டான். பிள்ளையை மறுபக்கமாகத் திருப்பிக் கிடத்தச் சொன்னார்கள். கிடத்தினார்கள். இப்போது குரூசின் ஆட்கள் விடவில்லை, வேதப் பிள்ளை மாதாவின் நிறத்தில் தலைவைத்துப் போக உரிமை இல்லையா என்று நின்றார்கள். திரும்பத் திருப்பினார்கள். யாகப்பர் கையில் சுத்தியலோடு, "மூடட்டோ ஐயா? இனி மூடட்டோ?" என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே நின்றார். குரூஸ் போகட்டும் என்று மரைக்கார் நின்றார். மரைக்கார் போனபிறகு போவோம் என்று குரூஸ் நின்றார். முதலில் போகிறவர் இரக்கமில்லாதவர் என்று ஆகிவிடுமே.

பிரான்சிஸ்காதான் வந்து சுத்தியலைப் பறித்தாள். "தூ! போங்கோடா!" என்று சொல்லிவிட்டு, மூடியைத் தானே வைத்துத் தானே அடித்தாள்.

அப்போது கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

இரண்டு பேரும் ஒரே பாய்ச்சலில் காருக்கு ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்தில் இரண்டு பேரின் பையிலிருந்தும் ஒவ்வொரு தாள் மண்ணில் விழுந்தது. ஒப்பம் வைத்து, சாட்சி வைத்து, ஆயத்தமாக இருந்த மனுக்கள். உள்வாக்கெடுப்பு என்ன ஆனாலும் தனித்துக் கேட்பதாக இரண்டு பேரும் எப்போதோ முடிவு பண்ணியிருக்கிறார்கள். வெளியூர் அப்புக்காத்து போட்டியில்லாமல் தெரிவாகிவிட்டார் என்று அன்று பின்னேரமே செய்தி வந்தது.

ஒரு கிழமை கழித்துச் சங்கம் யாகப்பருக்கு ஆள் அனுப்பியது. சங்கச் சொத்தான இரண்டு வாக்குப்பெட்டிகளை அனுமதியின்றி மண்ணில் புதைத்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டுமாம். யாகப்பர் போனார். உள்ளே விசாரணைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொயினாப் பெட்டியைப் பற்றியும் முதலியார் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "தீர்மானப்படி வென்றவர்தான் திறக்கவேணும். வென்றவர் இல்லை. ஆகவே அடுத்த தேர்தல்மட்டும் இது பாதுகாப்பாக இருக்கட்டும்."

கூப்பிடும்வரை யாகப்பர் விறாந்தையில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கண் தன்பாட்டில் பின்பக்கம் போயிற்று. பித்தளைப் பிணைச்சல். வெளியே தெரிகிற திருகாணி. நல்ல வேலை.

அவருடைய மடியில் திருகாணி கழற்றும் திருப்புளி இருந்தது. அது எப்போதும் இருப்பது. இந்த விறாந்தைக்கு வந்த ஒவ்வொரு முறையும் இருந்தது.

திருகாணிகள் எண்ணெய் போட்டதுபோலக் கழன்றன. மூடி பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்தது. பூட்டு இரண்டும் பூட்டியபடி, அரக்கு அரக்காக, ஒரு குறையும் இல்லாமல் முன்னால் தொங்கின. குளிசை முழுவதையும் தோள் துண்டில் கொட்டி முடிந்தார். ஆணிகளைத் திரும்ப முடுக்கிவைத்தார், அது கைப்பழக்கம். உள்ளே பிறையைப் பற்றி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். யாகப்பர் நடந்துவிட்டார்.

வங்காலையில் முதலில் செலீனா வீட்டுக்குப் போய், அவளுடைய பிள்ளைகளுக்குக் கொடுத்தார். செலீனா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு வீடு வீடாகப் போனார். கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்து துண்டைப் பிரான்சிஸ்காவின் முன்னால் விரித்தார்.

"ஆர் திறந்தது?" என்று கேட்டாள்.

யாகப்பர் மடியிலிருந்து திருப்புளியை எடுத்துக் காட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "எவ்வளவு நேரம் பிடிச்சது?" என்றாள்.

"ஒரு வெத்திலை போடுற நேரம்."

பிரான்சிஸ்கா எழும்பி அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசியதில்லை. சங்கத்தின் விசாரணைக்கு இன்னும் நாள் குறித்து முடியவில்லை. வெறும் பெட்டியின் திறப்பு இரண்டையும் மரைக்காரும் குரூசும் இடுப்பிலும் பையிலும் பத்திரமாக வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.